காருக்குள் அம்பிளிபயர் பூட்டும் முன்னர்...

(எமது சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு. சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகின்றது.)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஊரில் உயர்தரம் வரைக்கும்தான் படித்தனான். அதற்கு மேலே படிக்கிற சூழ்நிலை இருக்கவில்லை என்பது உங்களில் கனபேருக்குச் சொல்லத் தேவையில்லை. ஜேர்மனிக்கு வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் வேலை. இயந்திரங்களுக்கான மின்பெட்டிகளுக்குள் வயர் பூட்டுவதுதான் என்னுடைய வேலை. காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் வயரை வெட்டுறது, நுனிக்கு முனை வைத்து நசுக்கிறது, இழுத்துப் பார்க்கிறது. ஆகவே இலக்கியமோ அரசியலோ பேசாமல், எனக்குத் தெரிந்த வயரைப் பற்றியே பேசுகிறேன் என்று செயலாளரிடம் கேட்டேன். அவரும் சம்மதித்தார்.

இன்று இந்த மண்டபத்துக்கு வெளியிலே நிற்கிற கார்களில் எத்தனை காரின் டிக்கிக்குள் அம்பிளிபயரும் சப்வூவர் பெட்டியும் இருக்குது என்று தம்பிமாருக்குத் தெரியும். அம்மாமாருக்கும் தெரியும், ஏனென்றால் கார் ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே வீட்டு யன்னல் அதிருது! கைவிசேடக் காசைச் சேர்த்து வைத்து அம்பிளிபயர் வாங்குகிறார்கள். வாங்கட்டும், பாட்டுக் கேட்கட்டும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. என்னுடைய காரிலும் ஒன்று இருக்குது. ஆனால் அம்பிளிபயருக்கு 300 யூரோ கொடுக்கிற தம்பி, அதற்குப் போகிற வயரை மட்டும் கடையில் இருக்கிறதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்குகிறார். அந்த வயர் எங்கே ஓடுது? பற்றரியில் இருந்து தொடங்கி, எஞ்சின் பக்கத்துத் தகட்டுச் சுவரைத் துளைத்து, கம்பளத்துக்குக் கீழாலே, பின் சீற்றில் இருக்கிற பிள்ளைகளின் காலடிக்குக் கீழாலே டிக்கிக்குப் போகுது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காரை ரியூவ் பரிசோதனைக்குக் கொண்டு போறம். பிறேக்கைப் பார்ப்பார்கள், ரயரைப் பார்ப்பார்கள். கம்பளத்தைத் தூக்கி இந்த வயரைப் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

போன இலையுதிர் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்லுறன். பேர் வேண்டாம். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள். நெடுஞ்சாலையில் பிளாஸ்ரிக் எரிகிற மணம் வந்தது. அவர் காரை ஓரமாக நிறுத்தி, திறப்பைக் கழற்றி, பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டு போய்விட்டார். நல்ல வேளை! திறப்பைக் கழற்றின பிறகும் கம்பளத்துக்குக் கீழே இருந்து புகை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அம்பிளிபயருக்குப் போகிற வயர் திறப்பு வழியாகப் போறதில்லை. அது பற்றரியில் நேராகப் பூட்டியது. பற்றரியைக் கழற்றினால்தான் நிற்கும். அவரிடம் சாவி இருக்கவில்லை. தீயணைப்புப் படை வந்துதான் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் போய்விட்டது.

பிறகு பார்த்தபோது காரணம் தெரிந்தது. தகட்டுச் சுவரில் துளை போட்டு வயரை இழுத்தவர் அந்தத் துளைக்கு றப்பர் வளையம் போடவில்லை. கார் ஓட ஓடத் தகட்டின் கூர் விளிம்பு வயரின் உறையை அறுத்து, செம்பு தகட்டில் முட்டிவிட்டது. "பியூஸ் இருக்கவில்லையோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. டிக்கிக்குள், அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்தது.

தம்பிமார், இந்த இடத்தை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போறதென்றால் இதைக் கொண்டு போங்கோ. பற்றரிக்குப் பக்கத்தில் போடுகிற பியூஸ் அம்பிளிபயரைக் காப்பாற்றுவதற்காக இல்லை. வயரைக் காப்பாற்றுவதற்காக. அம்பிளிபயருக்கு அதன் உடம்பிலேயே சொந்தமாகப் பியூஸ் இருக்குது. வயர் நடு வழியில் தகட்டில் முட்டினால், மின்சாரம் அந்த இடத்தாலேயே திரும்பிப் பற்றரிக்கு ஓடிவிடும். டிக்கியில் இருக்கிற பியூஸ் வரைக்கும் அது போகவே போகாது. பிறகு அந்தப் பியூஸ் என்னத்தைக் கண்டு உருகும்? கார்ப் பற்றரி 12 வோல்ற்தானே, கையால் தொட்டாலும் அடிக்காதே என்று நினைக்கிறோம். அது எங்களுக்கு அடிக்காது. ஆனால் எஞ்சினை ஸ்ராட் பண்ண 150, 200 அம்பியர் கொடுக்கிற பற்றரி அது. வயர் நேரே தகட்டில் முட்டினால் அதைவிடக் கூடவே கொடுக்கும். அந்த ஓட்டத்தில் செம்பு அடுப்புக் கம்பி மாதிரிச் சிவக்கும்.

ஆகவே பிரதான பியூஸ் பற்றரியில் இருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். முழம் என்றால் 45 சென்ரிமீற்றர். இன்னும் கிட்ட இருந்தால் இன்னும் நல்லது. பியூஸுக்கும் பற்றரிக்கும் இடையில் இருக்கிற அந்தத் துண்டு வயருக்கு மட்டும்தான் காவல் இல்லை. அதனால்தான் அதைக் கட்டையாக வைக்கச் சொல்வது.

அடுத்தது, எவ்வளவு மொத்தமான வயர்? உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஓமின் விதி மறந்திருக்காது. மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுறன். வயர் நீள நீளத் தடை கூடும், மொத்தம் கூடக் கூடத் தடை குறையும். ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உள்ள செம்பு வயரின் தடை ஏறக்குறைய 0.0175 ஓம்.

முதலில் அம்பிளிபயர் எவ்வளவு மின்னோட்டம் கேட்கும் என்று பார்க்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் 2000 வாற் என்று போட்டிருப்பார்கள். அதை விடுங்கோ. உள்ளே இருக்கிற புத்தகத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு கணக்கு இருக்கும், அதுதான் உண்மையானது. அதைவிட இலேசான வழியும் இருக்குது. அம்பிளிபயரின் உடம்பில் செருகியிருக்கிற பியூஸ்களைக் கூட்டுங்கோ. 25 அம்பியரில் இரண்டு இருந்தால் 50 அம்பியர். அதுதான் அது கேட்கக்கூடிய உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பற்றரியில் இருந்து டிக்கிக்கு 5 மீற்றர் வயர் என்று வைப்போம். ஸ்பீக்கருக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் தடை 0.035 ஓம். 50 அம்பியர் ஓடும்போது 1.75 வோல்ற் வயரிலேயே போய்விடும். அத்தோடு அந்த வயருக்குள் 87 வாற் சூடு பிறக்கும். பழைய காலத்து 100 வாற் குமிழைக் கையால் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூட்டைக் கம்பளத்துக்குக் கீழே, போர்வை போர்த்தி வைத்திருக்கிறோம்! அதே இடத்தில் 16 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் இழப்பு 0.27 வோல்ற்தான். சூடு 14 வாற்றுக்கு உள்ளேதான், அதுவும் 5 மீற்றருக்கும் பரவிப் போய்விடும். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்காது, ஏறி இறங்கும் என்பது உண்மை. ஆனால் வயரை உச்சத்துக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். குடையை வெயிலுக்குக் கணக்குப் பார்த்து வாங்கிவிட்டு மழையில் நிற்கக் கூடாது.

பொதுவாக 10 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு 50 அம்பியர் பியூஸ், 16க்கு 80, 25க்கு 100 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. இது மேலெல்லை. பியூஸ் அம்பிளிபயர் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடவும், வயர் தாங்குவதைவிடக் குறையவும் இருக்க வேண்டும். எங்கள் உதாரணத்தில் 50 அம்பியர் அம்பிளிபயர், 16 சதுர மில்லிமீற்றர் வயர், 60 அம்பியர் பியூஸ். பியூஸ் அடிக்கடி எரியுது என்று பெரிய பியூஸைப் போடுறதும், இன்னும் மோசமாக ஒரு ஆணியையோ வெள்ளித் தாளையோ வைக்கிறதும் வேண்டவே வேண்டாம். பியூஸ் எரிகிறது என்றால் அது எங்களுக்கு ஏதோ சொல்லுது. அதைக் கேட்க வேண்டும்.

வயர் வாங்கேக்கை இன்னொரு ஏமாற்று வேலை இருக்குது. இன்ரநெற்றில் மலிவாக விற்கிற வயர்க்கட்டுகளில் கனக்க, அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியவை. வெளியில் பார்த்தால் செம்பு நிறம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கோ, உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலும் பாரம் குறைவாக இருக்கும். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் கூட. அதைத்தான் போடுவதென்றால் ஒரு அளவு மொத்தமாகப் போட வேண்டும். 16 என்று சொன்ன இடத்தில் 25. வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றைக் கம்பி வயரைக் காரில் போடக் கூடாது. கார் அதிர அதிர அது முறிந்துபோகும். காருக்கு நுண்ணிய இழைகள் பல சேர்ந்த, வளைந்து கொடுக்கிற வயர்தான் வேண்டும்.

இனி ஏர்த்துக்கு வருவோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் புவித்தொடுப்பு என்று படித்தோம். ஆனால் கார் நாலு றப்பர் ரயரில் நிற்கிறது, அதற்குப் புவியோடு ஒரு தொடுப்பும் இல்லை. காரில் ஏர்த் என்று சொல்வது காரின் உடம்புத் தகட்டை. பற்றரியின் சயத் தலை அந்தத் தகட்டில் பூட்டியிருக்கிறது. அம்பிளிபயருக்குள் போன மின்சாரம் திரும்பிப் பற்றரிக்கு வர வேண்டும் அல்லவா? அது வருகிற பாதை இந்தத் தகடுதான்.

இது எங்களுக்குப் புதிய விசயமில்லை. 90களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் அப்போது சின்னப் பெடியன், பெடல் சுற்றுகிற வேலை எனக்கு. அந்த டைனமோவில் இருந்து சைக்கிள் லைற்றுக்கு எத்தனை வயர் போகும்? ஒன்றுதான். மற்றது எங்கே? சைக்கிளின் சட்டம்தான் மற்ற வயர். டைனமோவைச் சட்டத்தில் பூட்டுகிற பிடியில் கூரான ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும், ஞாபகம் இருக்குதா? அதை இறுக்கினால் அதன் நுனி பெயின்றைக் கிழித்துக்கொண்டு இரும்பைத் தொடும். அந்த ஸ்குறூ இளகினால் லைற் மினுங்கும். பெயின்றுக்கு மேலே இருந்தால் லைற் எரியவே எரியாது. காரிலும் சட்டம் அதேதான்.

ஆகவே ஏர்த் வயருக்கு நாலு விசயம். ஒன்று, அது பற்றரியில் இருந்து வருகிற வயரின் அதே மொத்தமாக இருக்க வேண்டும். போன மின்சாரம் எவ்வளவோ அவ்வளவும் திரும்பி வர வேண்டும். போற றோட்டு நாலு வரிசை, வாற றோட்டு ஒற்றையடிப் பாதை என்றால் சரிவராது. இரண்டு, அது கட்டையாக இருக்க வேண்டும், இதுவும் ஒரு முழத்துக்குள். மூன்று, பூட்டுகிற இடத்தில் பெயின்றைச் சுரண்டி, தகடு பளபளக்க வேண்டும். வயரின் நுனியில் வளைய முனையை வைத்து நன்றாக நசுக்கி, பல்லுள்ள வாசர் போட்டு, போல்ற்றும் நட்டும் கொண்டு இறுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரு சின்ன ஸ்குறூவை முறுக்கிவிட்டால் போதாது. நாலு, பூட்டின பிறகு அந்த இடத்துக்கு மேலே பெயின்றோ கிறீஸோ பூச வேண்டும். இங்கே மாரி காலத்தில் றோட்டில் உப்புப் போடுகிறார்கள். சுரண்டின தகட்டை அப்படியே விட்டால் இரண்டு மாரிக்குள் கறள் பிடித்துவிடும்.

சீற் பெல்ற் பூட்டியிருக்கிற போல்ற்றில் ஏர்த் பூட்டாதேங்கோ. அது உயிரைக் காக்கிற போல்ற், அதைக் கழற்றி நடுவில் வாசரும் வயரும் வைக்கிற இடமில்லை. புதுத் துளை போடுவதென்றால், போட முன்னம் காருக்குக் கீழே குனிந்து பாருங்கோ. பின் பக்கத்தில் பெற்றோல் தாங்கி இருக்கும், பிறேக் குழாய் போகும்.

எஞ்சினின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரிலும் "ஊய்ங்" என்று ஒரு கூவல் ஏறுது என்று சில தம்பிமார் கேட்டார்கள். அனேகமாக அது ஏர்த் நோய்தான். முதலில் ஏர்த் இடத்தைக் கழற்றித் துப்பரவாக்கிப் பூட்டுங்கோ. இரண்டு அம்பிளிபயர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஏர்த் கொடுங்கோ. பாட்டு வருகிற மெல்லிய வயரைக் காரின் ஒரு பக்கத்தாலும், பற்றரி வயரை மற்றப் பக்கத்தாலும் கொண்டு போங்கோ.

வேலை செய்கிற ஒழுங்கைச் சொல்லுறன். திறப்பைக் கழற்றுங்கோ. பற்றரியின் சயத் தலையை, அதாவது கறுப்பு வயரை, முதலில் கழற்றுங்கோ. சிவப்பை முதலில் கழற்றப் போனால் கையில் இருக்கிற சாவி தகட்டில் முட்டி, சாவியே உருகும். பூட்டேக்கை கறுப்புத்தான் கடைசி. தகட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கிற துளையைத் தேடுங்கோ. எந்தத் துளையாக இருந்தாலும் றப்பர் வளையம் இல்லாமல் வயரை விடாதேங்கோ. எஞ்சின் பக்கத்தில் வயருக்கு மேலே ஒரு குழாய் உறை போட்டு, சூடான இடத்துக்கும் சுழலுகிற இடத்துக்கும் தூரத்தில் கட்டுங்கோ. நடு வழியில் முறுக்கி ரேப் சுற்றுகிற மூட்டு வேண்டாம். எங்கள் தொழிற்சாலையில் நசுக்கின ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்ப்போம். கழன்று வந்தால் அது வேலை இல்லை. நீங்களும் இழுத்துப் பாருங்கோ. பியூஸை எல்லாம் பூட்டி முடித்த பிறகு, ஆகக் கடைசியாகச் செருகுங்கோ.

றேடியோவில் இருந்து நீலமும் வெள்ளையும் கலந்த மெல்லிய வயர் ஒன்று வரும். அதுதான் அம்பிளிபயரை எழுப்புகிற வயர். அதை றேடியோவில் பூட்டாமல் நேரே பற்றரியில் பூட்டினால் அம்பிளிபயர் இரவு முழுக்க நித்திரை கொள்ளாது. காலையில் வேலைக்குப் போகேக்கை கார் ஸ்ராட் எடுக்காது.

முடிந்த பிறகு 15 யூரோவுக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்கிச் சோதியுங்கோ. எஞ்சின் ஓட, பாட்டைக் கூட்டி வைத்து, அம்பிளிபயரின் ஏர்த் முனைக்கும் பக்கத்தில் சுரண்டின வெறுந் தகட்டுக்கும் இடையில் அளந்தால் 0.1 வோல்ற்றுக்கு மேலே காட்டக் கூடாது. பற்றரியின் சகத் தலைக்கும் அம்பிளிபயரின் சகத் தலைக்கும் இடையில் அளந்தால் அரை வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். அரை மணித்தியாலம் பாட்டுப் போட்ட பிறகு பியூஸ் பெட்டியைக் கையால் தொட்டுப் பாருங்கோ. சுட்டால் எங்கேயோ இளகியிருக்குது.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது கன கார்களில் பற்றரியின் சயத் தலையில் ஒரு சின்ன உணரி பூட்டியிருக்கும். பற்றரிக்குள் எவ்வளவு போகுது, வருகுது என்று அது கணக்கு வைக்கும். ஏர்த்தை நேரே அந்தத் தலையில் பூட்டினால் அதன் கணக்குப் பிழைக்கும். தகட்டில் பூட்டுங்கோ. சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறச் செருகி இருந்தால் அது காற்றுப்பைக்கு உரியது, கை வைக்காதேங்கோ. மின்சாரக் கார், ஹைபிறிட் கார்களில் செம்மஞ்சள் வயர் கண்டால் கிட்டவும் போகாதேங்கோ. அது 12 வோல்ற் இல்லை, உயிரை எடுக்கக்கூடிய பல நூறு வோல்ற். அந்தக் கார்களைக் கராஜில் கொடுத்துப் பூட்டுவியுங்கோ.

தம்பிமார், நான் சொன்ன செம்பு வயர், பியூஸ், வளையம், போல்ற் எல்லாம் சேர்த்து 60, 70 யூரோவுக்குள் முடியும். அம்பிளிபயருக்குப் பேரம் பேசுங்கோ, வயருக்குப் பேசாதேங்கோ. பழைய காரை ஆரிடமாவது வாங்கியிருந்தால், முன்னம் வைத்திருந்தவர் என்ன பூட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கே மூடியைத் திறந்து, பற்றரியில் இருந்து கூடுதலாகப் போகிற மொத்த வயரைத் தேடுங்கோ. ஒரு முழம் அளந்து பாருங்கோ. அதற்குள் பியூஸ் இல்லையென்றால், பியூஸ் போடும் வரைக்கும் அந்த வயரைக் கழற்றி, நுனியை மூடிக் கட்டி வைத்துவிட்டு ஓடுங்கோ. பாட்டு ஒரு கிழமை பொறுக்கும்.

புத்தாண்டு விழா அன்று பின்னேரம் மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் நான் மல்ரிமீற்றரோடு நிற்பேன். விரும்புகிறவர்கள் காரைக் கொண்டு வாங்கோ, பார்த்துச் சொல்லுறன். காசு வேண்டாம், ஒரு பலகாரம் தந்தால் போதும். அனைவருக்கும் எனது இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.